வால்பக்கம் காப்பவர்கள்

இணையவழிப் போர்விமான அணிகளின் தோழமையும், மன்னார் மக்கள் கீழிருந்து அறிந்த வானமும்

போர்விமானத்தில் அமர்ந்திருப்பவர் முன்னும் மேலும் இருபுறமும் எவ்வளவு தொலைவு கண்டாலும், தமது வாலுக்கு நேர்பின்னே சற்றுத் தாழ்ந்திருக்கும் வான்பரப்பு அவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. வான்சண்டைகளில் வீழ்ந்தோருள் மிகப் பலர் தம்மைச் சுட்டவரைக் காணாமலேயே வீழ்ந்தனர் என்பதும், காணமுடியாத அந்தத் திசையைத் தமக்காகக் காண இன்னொருவர் வேண்டும் என்ற தேவையிலிருந்தே இணையிணையாகப் பறக்கும் வழக்கம் உருவாயிற்று என்பதும் வான்போர் வரலாற்றின் அடிப்படைப் பாடங்கள்.

அந்தத் தேவை இப்போது வீட்டு அறைகளுக்குள்ளும் வந்துள்ளது. ஒரு போர்விமானத்தை அதன் எரிபொருள், எடை, இயந்திரச் சூடு, ஆயுதப் பொறிகள் ஆகிய அனைத்தோடும் கணினித் திரையில் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர் விளையாட்டு, தமிழில் போலிப்பறப்பு எனக் கூறத்தக்கது, உலகெங்கும் எண்ணற்ற சிறு அணிகளைத் தோற்றுவித்திருக்கிறது. இவை வான்படை வழக்கைப் பின்பற்றித் தம்மை ஸ்குவாட்ரன் என அழைத்துக்கொள்கின்றன. மெய்யான வான்படையில் ஸ்குவாட்ரன் என்பது ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு விமானங்களைக் கொண்ட அடிப்படைப் பிரிவு. இணையத்திலோ அது வாரத்தில் குறித்த நாளில், குறித்த மணிக்கு, ஒரே ஒலிவழியில் கூடும் பத்து இருபது மனிதர்.

அவர்கள் கூடும் வேளையில் இலண்டனில் மாலை, ரொறன்ரோவில் நண்பகல் கடந்த நேரம், மன்னாரில் நள்ளிரவு. பணி முடிந்து திரும்பும் நான்கு விமானங்களில் ஒன்றின் இயந்திரம் குண்டடிபட்டுப் புகைகிறது. அதன் வேகம் குறைகிறது. மற்ற மூன்றிலும் தளம் சேர்வதற்கு மட்டுமே எரிபொருள் எஞ்சியிருக்கிறது. அடிபட்ட விமானத்தைக் கைவிட்டுச் சென்றாலும் எவருக்கும் உண்மையான கேடு எதுவும் நேராது, ஏனெனில் வீழ்ந்தவர் அடுத்த நிமிடமே புதிய விமானத்தில் ஏறிவிடலாம். ஆயினும் இருவர் வேகத்தைத் தளர்த்தி, அதன் பின்புறத்தை மாறிமாறி நோட்டமிட்டபடி குறுக்கும் நெடுக்கும் வளைந்து பறந்து, ஓடுபாதை கண்ணில் படும்வரை உடன்வருகின்றனர். இத்தகைய அணிகளில் பறப்போர் மிக விரும்பி நினைவுகூர்வது எதிரியை வீழ்த்திய இரவுகளை மட்டுமன்று, இவ்வாறு ஒருவரை வீடுசேர்த்த இரவுகளையும்.

இழப்பே இல்லாத களத்தில் இந்த உடன்வருகைக்கு என்ன பொருள் என்பதை மன்னார்த் தீவின் உப்புக்குளத்திலிருந்து நோக்குவதற்குத் தனித்த காரணம் உண்டு. விமான ஒலி என்பது இங்கே நடுவயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் பதுங்குகுழியோடு சேர்ந்த நினைவு. வானில் ஒருவரையொருவர் காக்கும் நட்பை இந்த மண் மதிக்கவும் வேண்டும், அதனிடம் கேள்வி கேட்கவும் வேண்டும்.

இணைப்பறப்பு பிறந்த விதம்

முதலாம் உலகப் போரில் ஜேர்மன் விமானி ஒஸ்வால்ட் போல்க்க 1916இல் தம் மாணவர்களுக்காக எட்டு விதிகளைத் தொகுத்தார். சூரியனை முதுகில் வைத்துக்கொள்ளல், அருகே நெருங்கிய பின்னரே சுடுதல் முதலான தனியாள் நுட்பங்களோடு, குழுவாகவே தாக்கவேண்டும் என்பதையும் ஒரே எதிரியைப் பலர் துரத்தலாகாது என்பதையும் அவ்விதிகள் வலியுறுத்தின. அதே ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள், நாற்பது வெற்றிகளைப் பெற்றிருந்த அவரே தமது அணியைச் சேர்ந்த நெருங்கிய நண்பர் எர்வின் போமேயின் விமானத்தோடு உரசி வீழ்ந்து இறந்தார். நெருங்கிப் பறத்தல் காப்பாகவும் ஆபத்தாகவும் ஒருங்கே இருந்ததை இவ்வளவு கொடிதாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வேர்னர் மோல்டர்ஸ் இருவர் கொண்ட இணையையே அலகாகக் கொண்டு, இரண்டு இணைகளை விரல்நுனிகளின் வடிவில் அகலப் பரப்பும் முறையை நிலைநிறுத்தினார். தலைமை விமானி தாக்குவார். விங்மேன் எனப்படும் துணைவிமானி அவர் பின்புறத்தைப் பார்ப்பார். பிரித்தானியர் அக்காலத்தில் மும்மூன்றாக நெருங்கிப் பறந்தமையால், பின்னிருந்த இருவரின் கவனமும் தலைவரோடு மோதாதிருப்பதிலேயே செலவாயிற்று. 1940இன் இழப்புகளுக்குப் பின்னர் அவர்களும் மோல்டர்ஸின் முறைக்கு வந்துசேர்ந்தனர்.

அமெரிக்கக் கடற்படையின் ஜோன் தாச் 1941இல் ஜப்பானிய ஸீரோ விமானத்தின் வலிமை பற்றிய உளவறிக்கையைப் படித்துவிட்டு, தம் வீட்டு மேசையில் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு விடையைக் கண்டார். வேகத்திலும் திருப்பத்திலும் தாழ்ந்த இரண்டு விமானங்கள் இடைவெளிவிட்டு இணையாகப் பறந்து, ஒன்றின் பின்னே எதிரி வந்ததும் ஒன்றை நோக்கி மற்றொன்று திரும்பினால், துரத்தி வருபவன் தானாகவே இரண்டாம் விமானத்தின் துப்பாக்கிக்கு முன்னால் வந்துவிடுவான் என்பதே அது. 1942 ஜூனில் மிட்வே சமரில் அது மெய்ப்பிக்கப்பட்டது. தனித்து நின்றால் தோற்கும் இருவர் சேர்ந்து நின்றால் தோற்கமாட்டார் என்பதற்கு வடிவியல் சான்று ஒன்று இருக்குமானால், அது தாச்சின் இந்தப் பின்னல்தான். போலிப்பறப்பு அணிகளில் புதியவருக்குச் சுடக் கற்பிப்பதற்கு முன்பே இதைக் கற்பிப்பதும் உண்டு.

இணை குலைந்தால் நேர்வதென்ன என்பதை இலங்கை தன் வானத்திலேயே கண்டிருக்கிறது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கனேடிய வான்படையின் 413ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லெனர்ட் பேர்ச்சோல் தமது கற்றலினா விமானத்திலிருந்து ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியபின் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அந்த எச்சரிக்கை கிடைத்திருந்தும், மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலையில் தாக்குதல் நெருங்குவதை இரத்மலானையில் காத்திருந்த ஹரிக்கேன் விமானிகள் அறிந்தது பகைவிமானங்கள் தலைக்குமேல் வந்த பின்னரே. அவசரமாக மேலெழுந்தவர்கள் உயரம் பெற்று அணிசேரும் முன்னரே தாக்கப்பட்டனர். திருகோணமலையின் சீனன்குடாவிலிருந்து காவல் விமானமின்றிக் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்களும் ஒன்று தப்பாமல் வீழ்த்தப்பட்டன. அன்று குறைந்தது துணிவு அன்று. உரிய நேரத்தில் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாமையே.

*பெட்டிச் செய்தி: ஒலிவழியில் பேசும் முறை*

*இணைய அணிகள் மேற்கத்திய வான்படைகளின் சுருக்கச் சொற்களை அப்படியே கையாளுகின்றன. எதிரியைக் கண்டவர் ‘டாலி’ என்பார், காணாதவர் ‘நோ ஜோய்’ என்பார். தம் தோழரைக் கண்டவர் ‘விஷுவல்’ என்பார், காணாதவர் ‘பிளைன்ட்’ என்பார். ‘பிளைன்ட்’ என ஒருவர் கூறியதும் மற்றவர்கள் தம் இடத்தையும் உயரத்தையும் உடனே சொல்லவேண்டும். தோழரின் இடம் தெரியாத நிலையில் சுடுவது பெருங்குற்றம். ‘பிங்கோ’ என்பது முன்கூட்டி உறுதிசெய்த, திரும்பியே ஆகவேண்டிய எரிபொருள் அளவை எட்டிவிட்டதைக் குறிக்கும். ‘வின்செஸ்டர்’ என்றால் ஆயுதம் தீர்ந்துவிட்டது என்று பொருள். தேவையற்ற பேச்சால் ஒலிவழியை அடைத்து வைப்பதை எந்த அணியும் பொறுப்பதில்லை.*

கடலடிக் கம்பியில் ஒரு வானம்

தொழில்நுட்ப வரலாறு நீண்டதன்று. எட்வின் லிங்க் 1929இல் அமைத்த தரைப் பயிற்சிப் பெட்டி போலிப்பறப்பின் தொடக்கம். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா 1983இல் தொடங்கிய சிம்நெட் திட்டம் தொலைவிலுள்ள பல பயிற்சிப் பொறிகளை ஒரே களத்தில் இணைத்தது. 1980களின் பிற்பகுதியில் ‘எயார் வோரியர்’ என்ற விளையாட்டு, தொலைபேசிக் கம்பிவழி மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் கூடிச் சண்டையிட வழிசெய்தது. 1998இல் வெளியான ‘பல்கன் 4.0’, 2001இல் மொஸ்கோவிலிருந்து வந்த ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’, 2008 முதல் வளர்ந்துவரும் ‘டிசிஎஸ்’ ஆகியவை இன்றைய அணிகளின் தாய்நிலங்கள். இவற்றுள் ‘பல்கன் 4.0’ தனிக் கவனத்துக்கு உரியது: அதை உருவாக்கிய நிறுவனம் கைவிட்ட பின்னரும், மூலநிரல் 2000இல் வெளியே கசிந்ததைக் கொண்டு ஆர்வலர்கள் ஊதியமின்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் புதுப்பித்துவருகின்றனர். ஒரு வணிகப் பொருளை அதன் வணிக வாழ்வு முடிந்த பின்னும் உயிரோடு வைத்திருப்பது இலாபமன்று, கூடிப் பறப்போர் கொண்ட பற்று.

இந்தக் கூடிப்பறத்தலின் பௌதிகம் வியப்புக்குரியது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. மன்னாருக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். எனவே வளைவு நெளிவு எதுவுமின்றி இழை ஓடினாலும் ஒரு செய்தி போய்த் திரும்ப நொடியில் ஏழிலொரு பங்கு வேண்டும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். அந்த நேரத்துக்குள் நொடிக்கு 250 மீற்றர் வேகத்தில் செல்லும் விமானம் 35 மீற்றர் நகர்ந்துவிடுகிறது. அணிவகுப்பில் சிறகுநுனிகளுக்கு இடையே விடப்படும் இடைவெளியோ சில மீற்றரே. இதனால் ஒவ்வொரு கணினியும் தொலைவிலுள்ள விமானத்தின் கடைசியாகத் தெரிந்த இடம், திசை, வேகம் ஆகியவற்றிலிருந்து அது இப்போது எங்கே இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. தலைமை விமானி திடீரெனத் திரும்பினால் ஊகம் பொய்த்து, துணைவிமானியின் திரையில் அவர் விமானம் துள்ளும். ஆகவே பின்தொடர்வோரை எண்ணி மெல்லத் திரும்புவதும், திரும்புமுன் வாயால் சொல்வதும் நல்ல தலைவரின் இலக்கணமாக அமைந்துவிட்டன. தொலைவே அவர்களைப் பிறர்மீது கரிசனம் உடையவர்களாக்கியது எனச் சொல்வது மிகையன்று.

இலங்கை போன்ற நாட்டில் இக்கரிசனத்துக்கு இன்னொரு தேவையும் சேர்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நடந்தபோது, நடுவானில் ஒருவர் அணியிலிருந்து மறைவது சுடப்பட்டதால் அன்று, தெருவில் மின்சாரம் நின்றதால். கட்டுப்பாட்டுத் தண்டும் தலையில் அணியும் ஒலிவாங்கியும் வலிய கணினியும் இறக்குமதிப் பொருட்கள். நாணயம் சரிந்தபோது அவற்றின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இத்தகைய அணிகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதற்குப் பொருளாதாரமே முதற்காரணம், ஆர்வமின்மை அன்று.

விளையாட்டு முடிந்த பின்னும் கலையாதோர்

ஒரு நவீன போர்விமானத்தின் போலிப்பறப்பு நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கைந்நூலோடு வருகிறது. இயந்திரத்தை முடுக்குவதற்கே பல பத்துப் பொத்தான்களை வரிசை தவறாமல் இயக்கவேண்டும். நூலைப் படித்து மட்டும் இதைக் கற்றவர் மிகச் சிலர். மற்றவர்களுக்கெல்லாம் எவரோ ஒருவர், தம் மாலைப்பொழுதைத் தந்து, அதே தவற்றை ஐந்தாம் முறை செய்தபோதும் குரல் உயராமல் கற்பித்திருக்கிறார். அவ்வாறு கற்றவர் அடுத்து வருபவருக்குக் கற்பிக்கிறார். ஊதியமோ சான்றிதழோ இல்லாத இந்தக் கைமாற்றுதலே அணிகளின் உயிர். ஓய்வுபெற்ற விமானிகள், வாகன ஓட்டுநர்கள், மாணவர்கள், நோயால் வீட்டை விட்டு வெளியேற இயலாதவர்கள் என வெளியுலகில் ஒருபோதும் ஒரே மேசையில் அமர வாய்ப்பில்லாதவர்கள் இங்கே ஒருவரை ஒருவர் நம்பி இறங்கப் பழகுகின்றனர்.

டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில், சேர்ந்து விளையாடியோர் விளையாட்டு முடிந்த பின்னும் ஒரு நிலையான கூட்டமாக நீடிக்க முனைவர் எனக் குறித்தார். வீடும் அல்லாத, தொழிலிடமும் அல்லாத மூன்றாவது கூடுமிடங்கள் மனிதருக்கு இன்றியமையாதவை என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டென்பேர்க் 1989இல் எழுதினார். அதே அளவுகோலை இணைய விளையாட்டுகளுக்குப் பொருத்திப் பார்த்த கொன்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலரும் டிமித்ரி வில்லியம்ஸும் 2006இல், அவையும் அத்தகைய இடங்களே என்ற முடிவுக்கு வந்தனர். தேநீர்க் கடையும் வாசிகசாலையும் கடற்கரை மணலும் செய்த பணியை ஓர் ஒலிவழி செய்ய முடியும் என்பது அவர்களுடைய ஆய்வின் சாரம்.

இந்த உறவுகளின் ஆழம் வெளியார் கண்ணுக்குப் புலப்படுவது பெரும்பாலும் ஒருவரின் இறப்பின்போதே. மட்ஸ் ஸ்டீன் என்ற நோர்வே இளைஞர் தசைகளை ஒடுக்கும் டுஷேன் நோயோடு சக்கரநாற்காலியில் வாழ்ந்து, 2014 நவம்பரில் இருபத்தைந்தாம் வயதில் மறைந்தார். தனிமையில் வாழ்ந்து மறைந்தான் மகன் என்றெண்ணியிருந்த பெற்றோர், அவருடைய வலைப்பதிவில் இறப்புச் செய்தியை இட்டதும் பல நாடுகளிலிருந்து வந்து குவிந்த இரங்கல் மடல்களைக் கண்டு திகைத்தனர். ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்’ விளையாட்டில் ‘இபெலின்’ என்ற பெயரில் அவர் எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறார். அவருடைய விளையாட்டுக் குழுவினர் பிற நாடுகளிலிருந்து பயணம் செய்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டனர். இவ்வரலாறு 2024இல் ஆவணப்படமாகவும் வந்தது. 2012 செப்டெம்பர் 11ஆம் நாள் லிபியாவின் பெங்காசியில் கொல்லப்பட்ட அமெரிக்கத் தூதரகப் பணியாளர் ஷோன் ஸ்மித், ‘ஈவ் ஒன்லைன்’ என்ற விண்வெளி விளையாட்டில் பெயர்பெற்ற தூதராக இருந்தவர். அவர் இறந்தபின் அந்த விளையாட்டுலகில் எதிரெதிர் அணியினரும் தம் நிலையங்களுக்கு அவர் பெயரைச் சூட்டினர். இவை போர்விமான விளையாட்டுகள் அல்ல, ஆயினும் உறவு ஒன்றே. போலிப்பறப்பு அணிகள் மறைந்த தோழருக்காக வான்படை வழக்கப்படி, அணிவகுப்பிலிருந்து ஒரு விமானம் மட்டும் மேலெழுந்து பிரிந்துசெல்லும் அஞ்சலிப் பறப்பை நடத்துகின்றன. திரையில் நடந்தாலும் அங்கே துயரம் மெய்யானது.

கீழிருந்து அறிந்த வானம்

மன்னாரும் வன்னியும் விமானங்களை வேறு வழியில் கற்றன. இஸ்ரேலிடமிருந்து 1996இல் இலங்கை வான்படை பெற்ற கிபிர், அதற்கு முன்னரே வந்த சியாமாசெட்டி, குண்டு வீசப் பயன்பட்ட சரக்கு விமானத்துக்கு மக்களே இட்ட பெயரான சகடை, வண்டு போல் இரைந்து சுற்றிய வேவு விமானம் என ஒவ்வொன்றையும் அதன் இரைச்சலாலேயே பிரித்தறியும் திறன் பள்ளிச் சிறுவருக்கும் வாய்த்திருந்தது. எந்த ஒலிக்கு ஓடவேண்டும், எதற்குக் குப்புறப் படுக்கவேண்டும், எதற்குப் பேசாமல் வேலையைத் தொடரலாம் என்ற அறிவை அவர்கள் எந்தக் கைந்நூலிலும் படிக்கவில்லை.

2007 ஜனவரி 2ஆம் நாள் மன்னார் மாவட்டத்தின் இலுப்பைக்கடவையை அடுத்த படகுத்துறை மீனவக் குடியிருப்பின்மேல் வான்படை குண்டு வீசியபோது குழந்தைகள் உட்படப் பதினைந்து பேர் இறந்தனர். அது விடுதலைப் புலிகளின் கடற்றளம் என்று வான்படை கூறியது. அங்கே இறந்தவர்கள் பொதுமக்கள் என்று அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு வெளிப்படையாகக் கண்டித்தார். இதே கடல் விண்ணிலிருந்து வீழ்ந்தவர்களையும் ஏற்றிருக்கிறது: 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் பயணிகள் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர், அதன் சிதைவுகள் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் கண்டறியப்பட்டது 2012இல். வானத்தை ஆண்டவர் யார், அதில் இறந்தவர் யார் என்ற கணக்கு எந்தத் தரப்புக்கும் பெருமை தருவதாக இல்லை.

போலிப்பறப்பின் திரையில் தரை என்பது பத்தாயிரம் மீற்றருக்குக் கீழே விரிந்த வண்ணப்படம். அதில் வீடுகள் உண்டு, ஆட்கள் பெரும்பாலும் இல்லை. குண்டு விழுந்த இடத்தில் புகை உண்டு, ஓலம் இல்லை. இந்த விளையாட்டை ஆடுவோர் கொடியவர் என்று இதனால் முடிவுகட்டுவது தவறு. அவர்களுக்கிடையே உள்ள அன்பு மெய்யானது என்பதை மேலே கண்டோம். ஆனால் அந்த அன்பின் எல்லை எங்கே போய் நிற்கிறது என்று கேட்க, பதுங்குகுழிக்குள் அடுத்தவீட்டுப் பிள்ளையைத் தம் உடலால் மூடிக் காத்த மக்களுக்கு முழு உரிமை உண்டு. படகுத்துறையில் அன்று கீழே இருந்தவர்களும் ஒருவரையொருவர் காக்க முயன்றவர்களே. அவர்களுடைய தோழமை எந்த விளையாட்டிலும் இடம்பெறவில்லை.

இன்னொரு வகையில் உப்புக்குளம் இந்த இணையத் தோழமையை எளிதில் விளங்கிக்கொள்ளக்கூடிய ஊருமாகும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்து, புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையை வளர்த்தனர். தமிழ்க் குடும்பங்களோ இராமேசுவரம், மண்டபம் முதல் ரொறன்ரோ வரை சிதறின. ஒரே தெருவில் ஓடித்திரிந்தவர்கள் குரலால் மட்டுமே உறவைக் காத்த காலம் இவ்வூருக்கு மிகப் பழகியது. முகம் காணாத உறவு பொய்யுறவு என்று இங்கே எவரும் எளிதில் சொல்லமாட்டார்.

*பெட்டிச் செய்தி: நீரிணைக்கு அப்பால்*

*2020 ஜனவரியில் இந்திய வான்படை தஞ்சாவூரில் 222ஆவது ஸ்குவாட்ரனைச் சுகோய்-30 விமானங்களோடு நிலைநிறுத்தியது. தஞ்சாவூருக்கும் மன்னாருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்து நிமிடப் பறப்பு. கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களைக் கொண்ட 45ஆவது, 18ஆவது ஸ்குவாட்ரன்கள் நிறுத்தப்பட்டன. இளைஞரைப் படைக்கு ஈர்க்கும் நோக்கில் இந்திய வான்படை 2019இல் கைப்பேசி விளையாட்டு ஒன்றையும் வெளியிட்டது.*

தோழமை கேட்கும் விலை

நெருங்கிய குழு எதுவும் தன் உறுப்பினரிடமிருந்து மெய்ப்பிப்பைக் கேட்கும். அந்தக் கேள்வி சில வேளைகளில் சட்டத்தின் எல்லையைத் தாண்டவைக்கிறது. ‘வோர் தண்டர்’ விளையாட்டில் தாங்கியொன்றின் அமைப்பு சரியாகக் காட்டப்படவில்லை என்ற வாதத்தில் வெல்வதற்காக 2021இல் பிரித்தானியச் சலஞ்சர்-2 தாங்கியின் கட்டுப்படுத்தப்பட்ட ஆவணப் பகுதியை ஒருவர் வெளியிட்டார். அதே ஆண்டில் பிரெஞ்சு லெக்லேர்க் தாங்கியின் குறிப்புகளும் வெளிவந்தன. உளவுக்கூலியோ பகைமையோ இதற்குக் காரணமாக இருந்ததாகத் தெரியவில்லை. தன்னைப்போலவே அறிந்தோர் நடுவில் மதிப்பிழக்கக்கூடாது என்ற தவிப்பே அதில் வெளிப்படுகிறது. அந்தத் தவிப்பு தோழமையின் நிழல்.

திரையின் வானம் மெய்யான போருக்குள் கலந்துவிடும் ஆபத்தும் உண்டு. 2022 பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ‘கீவின் ஆவி’ என்ற ஒற்றை விமானி ரஷ்ய விமானங்களை வீழ்த்துவதாகப் பரவிய காணொளி ‘டிசிஎஸ்’ விளையாட்டில் உருவாக்கப்பட்டது. அப்படியொரு தனி விமானி இல்லை என்பதை உக்ரைன் வான்படையே ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலின்போதும் விளையாட்டுக் காட்சிகள் போர்க்காட்சிகளாகப் பரப்பப்பட்டன. உக்ரைன் போர் வந்தபோது மெய்யான நாடு அணிக்குள்ளும் நுழைந்தது: மொஸ்கோவில் உருவான ‘ஐஎல்-2’ விளையாட்டில் ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே வானத்தில் பறந்தவர்கள். நேற்றுவரை பின்புறம் காத்தவரின் நாட்டுப்படை இன்று தன் நகரத்தின்மேல் ஏவுகணை வீசும்போது, ஒலிவழியில் என்ன பேசமுடியும் என்பதற்கு எந்தக் கைந்நூலும் விடை வைத்திருக்கவில்லை.

குரலே அடையாளமான இடத்தில் குரலே தடையாகவும் ஆகிறது. பெண்குரல் கேட்டதும் மாறும் பேச்சு, ஆங்கில உச்சரிப்பைக் கேலிசெய்தல், புதியவரை வேண்டாவிருந்தினராக நடத்தல் ஆகியவை இணைய விளையாட்டுலகின் பழைய நோய்கள். 1942 முதல் இரவுகளில் மெல்லிய மரவிமானங்களில் பறந்து ஜேர்மன் படைமுகாம்களைத் தாக்கிய சோவியத்தின் 588ஆவது படைப்பிரிவு முழுதும் பெண்களைக் கொண்டது. அவர்களுடைய விமானத்தைத் திரையில் வியந்து ஓட்டுபவர்கள் தம் அணியில் ஒரு பெண்ணுக்கு இடம்தரத் தயங்குவது பொறுக்கத்தக்கதன்று.

இயந்திரம் துணைவரும் காலம்

2020 ஓகஸ்டில் டார்ப்பா நடத்திய போட்டியில், ஹெரோன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு நிரல் போலிப்பறப்புக் களத்தில் எஃப்-16 விமானி ஒருவரை ஐந்துக்குச் சுழியம் என்ற கணக்கில் வென்றது. அவுஸ்திரேலியாவில் உருவான ‘கோஸ்ட் பாட்’ என்ற ஆளில்லா விமானம் 2021இல் முதன்முதலாகப் பறந்தது. இந்தியாவின் இந்துஸ்தான் ஏரோனாட்டிக்ஸ் நிறுவனமும் அதே ஆண்டில் ‘கட்ஸ் வோரியர்’ என்ற மாதிரியைக் காட்டியது. மனிதர் ஓட்டும் விமானத்தோடு உடன்சென்று, தேவையானால் தானே அழிந்து அவரைக் காப்பது இவற்றின் பணி. நூறாண்டுக்கு மேலாக ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்காகச் செய்துவந்த துணைவிமானியின் கடமை, விலை குறித்த இயந்திரத்திடம் ஒப்படைக்கப்படுகிறது.

இது நிறைவேறினால், மனிதர் மனிதருக்குத் துணைபறக்கும் இடமாக விளையாட்டே எஞ்சலாம். அப்படி எஞ்சுவதாயின் எது எஞ்சவேண்டும் என்பதை அணிகளின் நடைமுறையிலேயே காணலாம். ‘டிசிஎஸ்’ அணிகள் பல மீட்புப் பறப்பைத் தம் களத்தில் சேர்த்துள்ளன: சுடப்பட்டுப் பரசூட்டில் இறங்கிய தோழரைத் தேடி ஒருவர் ஹெலிகொப்டரில் மரங்களை ஒட்டிய உயரத்தில் வருவார், மேலே இரண்டு விமானங்கள் காவல் சுற்றும், தரையில் இருப்பவர் புகையெழுப்பி இடம் காட்டுவார், இறங்குமிடம் சரிவாக இருந்தால் ஹெலிகொப்டர் அந்தரத்தில் அசையாமல் நிற்கவேண்டும், போலிப்பறப்பில் மிகக் கடினமான கலைகளுள் அதுவும் ஒன்று. சுடுவதைவிட இதற்கே நீண்ட பயிற்சி வேண்டியிருக்கிறது. ஹெலிகொப்டர் ஓட்டப் பழகியவரை அணிகள் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைச் சூழ்ந்து மன்னாரையும் வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, நாட்டின் பல இடங்களில் ஹெலிகொப்டர்கள் கூரைகளிலும் மேடுகளிலும் நின்ற மக்களை மீட்டன. பழைய ஒலிக்குப் பதுங்கியவர்கள் அந்த ஒலிக்குக் கைகாட்டி நின்றனர். வெள்ளநிலத்தையும் பனங்கூடல்களையும் களமாகக் கொண்ட மீட்புப் பறப்புகளை வடிவமைக்கப் போதிய கருவிகள் இவ்விளையாட்டுகளிலேயே உண்டு, நிரலெழுதும் இளைஞர் மன்னாரிலும் உண்டு. விமானியின் கதை ஒருமுறை இறந்தால் முடிந்தது என்ற கடுவிதியைக் கடைப்பிடிக்கும் அணிகளில், மீட்கப்பட்டவர் தம் பழைய பெயரோடும் பறந்த மணிக்கணக்கோடும் அடுத்த வாரம் மீண்டும் வருகிறார். மீட்டவரின் கணக்கில் எந்த வெற்றியும் ஏறுவதில்லை, ஆனாலும் அடுத்த வாரப் பட்டியலில் ஹெலிகொப்டருக்குப் பெயர்கொடுக்க ஆள் இருக்கிறது.